மூத்தவளின் தேனீக்கள்

நான் இரண்டாம் தாரமாக வெள்ளவத்தைக்கு வந்தபோது, அந்த வீட்டின் பின்வளவில் தேனீப் பெட்டி இருக்கிறதென்று எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. மற்றதெல்லாம் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை கோட்டையில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். மூத்தவள் நெருப்புக் காய்ச்சலில் செத்துப்போனாள். பிள்ளை இல்லை. குடி, வெறி ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் அந்த நாளில் என் வயதுக்கு இதற்குமேல் விசாரிக்க மாட்டார்கள்.

காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில் பாதைவரை போகும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. ஒரு காலத்தில் பெரிய வீடாக இருந்ததை, சொந்தக்காரர் நடுவில் இருந்த கதவை இரண்டு பக்கமும் பலகை அடித்து மூடி, இரண்டு வீடாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். மற்றப் பாதியில் ஒரு முஸ்லிம் குடும்பம். அவர் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தார். அவருடைய மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அவர்கள் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள்.

நான் வந்த மறுநாள் விடியக் கண்டது இதுதான். என் கணவர் குளித்துவிட்டு, திருநீறும் பூசிக்கொண்டு, ஒரு செம்பில் தண்ணீரோடு பின்வளவுக்குப் போனார். முருங்கை மரத்தடியில் கால் வைத்த இரண்டு மரப்பெட்டிகள் நின்றன. ஒவ்வொரு காலும் ஒரு பால் டின்னுக்குள் இருந்தது. எறும்பு ஏறாமல் இருக்க டின்களில் தண்ணீர் நிற்க வேண்டும். அவர் குனிந்து ஒவ்வொன்றாக நிரப்பினார். ஒரு பெட்டியின் வாசலில் தேனீக்கள் போய் வந்துகொண்டிருந்தன. மற்றப் பெட்டி செத்துக் கிடந்தது. அதன் டின்களுக்கும் அவர் தண்ணீர் ஊற்றினார்.

"தேன் எடுக்கிறதில்லையோ?" என்று கேட்டேன்.

"நீர் அதுக்குக் கிட்டப் போகவேண்டாம்," என்றார்.

அலுமாரியைக் காட்டியபோதும் அப்படித்தான். "மேல் தட்டெல்லாம் நீர் எடும். கீழ்த்தட்டை மட்டும் விட்டுவிடும்." ஏனென்று நான் கேட்கவில்லை. அங்கே ஒரு பழைய வேட்டியால் மூடி ஏதோ மடித்து வைத்திருந்தது.

அவர் கெட்ட மனிதர் அல்ல. சத்தம் போட்டதில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டார். சில நேரம் சாப்பிட்டுக்கொண்டே குசினி வாசலைப் பார்ப்பார். நான் அவருக்கு முன்னால்தான் இருப்பேன். வாசலில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன். பிறகு பிறகு அப்படிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

தேனீக்கள் மட்டும் வீட்டுக்குள் தாராளமாக வந்தன. பாத்திரம் கழுவும் கல்லில் நிற்கும் ஈரத்தைக் குடிக்க வரும். வாளியின் விளிம்பில் வரிசையாக இருந்து தண்ணீர் உறிஞ்சும். நான் வாளியைத் தூக்கினால் என் முகத்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும். என்னை அடையாளம் பார்க்கின்றன என்று நினைத்துக்கொள்வேன். இந்த வீட்டில் என்னைவிட அவற்றுக்குப் பழக்கம் கூட. அவை யாரையோ எதிர்பார்த்து வருவதாகவும், நான் இருக்கக் கண்டு திரும்பிப் போவதாகவும் எனக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. பகல் முழுக்கத் தனியே இருக்கிற பெண்ணுக்கு அப்படி எண்ணம் விழுந்தால் அதை எடுப்பது கஷ்டம்.

தைப்பொங்கல் கழிந்து மழை முற்றாக விட்டது. முருங்கை பூத்துக் கொட்டியது. பக்கத்து வளவுகளில் தென்னம்பாளைகள் வெடித்தன. பெட்டிக்கு வருகிற ஒவ்வொரு தேனீயின் காலிலும் மஞ்சள் மஞ்சளாய்ப் பூந்தூள் ஒட்டியிருந்தது. வெயில் ஏற ஏற, தேனீக்கள் உள்ளே இருக்க இடமில்லாமல் வெளியே வந்து, வாசலுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கத் தொடங்கின. தூரத்தில் பார்த்தால் பெட்டிக்குத் தாடி வளர்ந்ததுபோல இருக்கும்.

ஒருநாள் உடுப்புக் காயப்போடும்போது மதிலுக்கு மேலால் ராத்தாவின் தலை தெரிந்தது.

"புள்ள, அந்தப் பூச்சிப் பொட்டி பிரியப் போகுது," என்றா.

"எப்பிடித் தெரியும் ராத்தா?"

"எனக்கு என்னத்தத் தெரியும்? எனக்குப் பூச்சியெண்டா பயம். அவ செய்யிறத இந்த மதிலுக்கு இங்கால நிண்டு பாத்தீக்கேன், அவ்வளவுதான். இந்த நாளையில அவ பொட்டியத் தொறந்து ஒவ்வொரு சட்டமா எடுத்துப் பாப்பா. ராணிக்கூடு கட்டீந்தா வெட்டி எறிவா. இல்லாட்டி பாதிய எடுத்து மத்தப் பொட்டியில போடுவா. அப்பிடிச் செய்யாட்டி ஒரு நாளைக்கு எல்லாம் எழும்பிப் போயிரும் எண்டு செல்லுவா."

"அவ" என்று ராத்தா சொன்னபோது குரலில் கொஞ்சம் அன்பு இருந்தது. மூத்தவளைப் பற்றி அன்பாக ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அவள் நடந்தாள், குனிந்தாள், எதையோ வெட்டி எறிந்தாள் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. அதுவரை அவள் ஒரு காய்ச்சலாக மட்டும் இருந்தாள்.

"முகத்துக்கு ஒண்டும் போடமாட்டாவோ?"

"நொளம்பு வலையில ஒரு முக்காடு தச்சு வெச்சீந்தா. உள்ளுக்குத்தான் ஈக்கும், பாருங்கொ."

அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் அரைநாள் வேலைக்குப் போயிருக்க, சமையலை முடித்துவிட்டுக் கீழ்த்தட்டைத் திறந்தேன். வேட்டிக்குக் கீழே இரண்டு சேலை, ஒரு சீப்பு, கொசுவுக்குக் கட்டும் நுளம்பு வலையில் தைத்த முக்காடு. தையல் நுணுக்கமாக இருந்தது. கழுத்துக்குச் சுருக்கி இழுக்க ஒரு நாடாவும் வைத்திருந்தாள். பின்வளவில் ஒரு சட்டியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைப் புகைய விட்டேன். முக்காட்டைத் தலையில் போட்டு நாடாவை இழுத்தபோது, உதட்டில் ஏதோ ஒட்டியது. விரலை உள்ளே விட்டு இழுத்தேன். ஒரு மயிர். நீளமானது. என் மயிர் அவ்வளவு நீளம் இல்லை.

கழற்றி எறிந்திருப்பேன். ஆனால் சட்டி புகைந்துகொண்டிருந்தது, தேனீக்கள் வாசலில் அடங்காமல் நின்றன. மயிரை விரலில் சுற்றியபடி பெட்டியின் மூடியைத் தூக்கினேன்.

உள்ளே இருந்த வாசனையை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. மெழுகு, புளிப்பு, சூடான உடம்பு எல்லாம் சேர்ந்தது. தேன்மெழுகு வதை கட்டிய ஒரு மரச்சட்டத்தை மெல்ல இழுத்தேன். தேனீக்கள் என்னைப் பெரிதாக எடுக்கவில்லை. வதையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலைக் கோது போல இரண்டு மூன்று தொங்கின. ராணிக்கூடு இதுதான் என்று தெரிந்தது. வெட்டுவதா விடுவதா என்று நினைத்தபடி நின்றபோது பின்னால் குசினிக் கதவு திறந்தது.

அவர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் பெயர் அல்ல.

நான் திரும்பினேன். வலைக்குள்ளால் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. போட்ட கோட்டைக் கழற்றாமல், குடையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். முகத்தில் பயம் இல்லை. வேலையால் வந்து வீட்டில் ஆளைக் கண்ட மனிதனின் முகம்.

"காய்ச்சல் விட்டிட்டுதோ?" என்று கேட்டார்.

நான் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். கீழே வைக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்றேன். "விட்டிட்டுது."

அவர் தலையை ஆட்டினார். பிறகு உள்ளே போய்விட்டார். நான் சட்டத்தை வைத்து, பெட்டியை மூடி, முக்காட்டைக் கழற்றி மடித்து, பழையபடி கீழ்த்தட்டில் வைத்தேன். கூடுகளை வெட்டவில்லை. குசினிக்கு வந்தபோது அவர் உடுப்பு மாற்றிக்கொண்டு மேசையில் இருந்தார். அன்றைக்குச் சோறு இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.   காய்ச்சலைத் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எங்கள் சீவியம் முடியும்வரை எனக்குத் தெரியவரவில்லை.

ராத்தா சொன்னது நடந்தது. சில நாள் கழித்து, அவர் லீவில் வீட்டில் நின்ற ஒருநாள், வெயில் ஏறி வரும் நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு இரைச்சல் எழும்பியது. தண்ணீர் திறந்துவிட்டதுபோல வாசலால் தேனீக்கள் ஊற்றின. வளவு முழுக்கச் சுற்றி, ஆகாயமே மங்கியது. ராத்தா மதிலுக்கு அங்கால் நின்று பித்தளைத் தட்டை அடித்தா. நான் வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி மேலே விசிறினேன். அது சரியோ பிழையோ தெரியாது. கடைசியில் அவை ஜம்பு மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு பெரிய குலையாகத் திரண்டு தொங்கின.

நான் பனையோலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு போனேன். முக்காட்டை எடுக்க மனம் வரவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைச் சுற்றிக்கொண்டேன். கிளைக்குக் கீழே நின்றபோது என் கையிலிருந்த கடகத்தை ஒருவர் வாங்கினார். அவர்தான்.

"அவ குலுக்குவா. நான் பிடிக்கிறனான்," என்றார்.

"அப்ப நான் குலுக்கட்டோ?"

"ஓம். ஒரே தரத்தில குலுக்கவேணும். பயந்து பயந்து குலுக்கக்கூடாது."

குலுக்கினேன். ஈரத்துணி விழுவதுபோல குலை கடகத்துக்குள் விழுந்தது. அவருடைய கைகளெல்லாம் தேனீ. அவர் அசையவில்லை. செத்த பெட்டியை நான் முன்னமே அந்துப்பூச்சி வலையெல்லாம் சுரண்டி, புகை காட்டி, வெயிலில் வைத்திருந்தேன். அதற்குள் கொட்டினோம். "குஞ்சு வதை ஒண்டு குடுத்தால்தான் நிக்கும்," என்று சொல்லி, பழைய பெட்டியைத் தானே திறந்து, ஒரு சட்டத்தை எடுத்துக் கொடுத்தார். கிட்டப் போகவேண்டாம் என்று எனக்குச் சொன்ன மனிதர்.

தேனீக்கள் உள்ளே ஏறி அடங்கும்வரை இருவரும் நிலத்தில் இருந்தோம். அப்போதுதான் அவர் அவளைப் பற்றிக் கதைத்தார். எங்களுக்குள் அது முதல்முறை. முதல் கூட்டத்தை அவள் பாமன்கடையில் ஒரு சிங்களவர் வீட்டிலிருந்து மண்முட்டியோடு வாங்கி, மடியில் வைத்து ரிக்‌ஷாவில் கொண்டுவந்தாளாம். காய்ச்சல் கூடிப் பிதற்றும்போதும், டின்களில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாளாம்.

"நான் போய்ப் பாக்கேல்லை," என்றார். "பாக்காமலே ஓம் ஓமெண்டு சொன்னனான். எல்லாம் முடிஞ்சு, சனமும் போனபிறகு வந்து பாத்தன். டின்னெல்லாம் காய்ஞ்சு கிடந்தது. எறும்பு ஏறி இந்தப் பெட்டியை முடிச்சுப்போட்டுது."

 அவருடைய கையில் ஏறி நின்ற தேனீக்களை ஒவ்வொன்றாக ஊதிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை போயிருக்கும். மத்தியானம் மதிலுக்கு மேலால் ராத்தா மெதுவாகக் கேட்டா: "ஏன் புள்ள அழுற?"

"நான் அழேல்லையே ராத்தா."

"பொய் செல்லாத. காலையில இருந்து கேக்குது. நீ எண்டுதான் நெனச்சேன்."

இருவரும் காது கொடுத்தோம். எனக்கும் கேட்டது. மெல்லிய, நீண்ட ஒரு குரல். இழுத்து, பிறகு விட்டு விட்டு, விக்குவது போல. ராத்தா எதையோ ஓதிக்கொண்டு உள்ளே போய்விட்டா. நான் சத்தம் வந்த பக்கம் போனேன். பழைய பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது. மரத்தில் காதை வைத்தேன். ஒரு குரல் கூப்பிட்டது. அது நின்றதும் உள்ளே எங்கேயோ ஆழத்திலிருந்து, மூடிக் கட்டிய இடத்திலிருந்து வருவதுபோல, இன்னொரு குரல் தாழ்ந்து பதில் சொன்னது.

 நான் காதை எடுக்கவில்லை.

அவர் வந்ததும் சொன்னேன். அவரும் மண்டியிட்டு, பெட்டியின் மறுபக்கத்தில் காதை வைத்தார். பொழுதுபடும்வரை பெட்டிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக இருந்தோம். "முந்தியும் இப்பிடிக் கேட்டதோ?" என்றேன். "அவ சொல்லுறவ. நான் நம்பேல்லை," என்றார்.

விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்த ஒருவர் பல வருடத்துக்குப் பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு போனபின், முதலில் வெளியே வந்த புது ராணி கூப்பிடும். இன்னும் கூட்டைவிட்டு வராத ராணி உள்ளிருந்து பதில் சொல்லும். பிறகு ஒன்று மற்றதைக் கொன்றுவிடும். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு எங்களுக்கு இதொன்றும் தெரியாது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சத்தம் நின்றது. காலையில் வாசலுக்குக் கீழே நீளமான உடம்போடு ஒரு தேனீ செத்துக் கிடந்தது. அதை ஒரு இலையில் எடுத்து முருங்கை அடியில் போட்டேன். அவர் டின்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நான் செய்வதைப் பார்த்தார்.

அந்த நாட்களில் நாங்கள் கொஞ்சம் மனுசராக இருந்தோம். இரண்டு பெட்டியும் நிறைந்தன. சேர்ந்து திறந்து, கறுத்த பழைய வதைகளை வெட்டினோம். கொஞ்சம் தேனும் எடுத்தோம். ராத்தா வீட்டுக்கு ஒரு போத்தல் போனது. அந்த முக்காட்டை நான் பிறகு போடவில்லை. அவரும் எடுத்துத் தரவில்லை.

பிறகு யுத்தம் கொழும்புக்கும் வந்து, ஜப்பான்காரன் குண்டு போட்டான். கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறு அது. காலைப் பலகாரத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். விமானங்கள் கடல் பக்கமிருந்து தாழ்வாக வந்தன. ரத்மலானைப் பக்கம் அதிர்ந்தது. வளவில் வெட்டிய பதுங்குகுழியில் ஈர மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். எனக்குப் பக்கத்தில் அவர். எங்களுக்கு மேலால் தேனீக்கள் ஒன்றும் நடக்காததுபோல முருங்கைக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

அந்தக் கிழமையே ஒழுங்கை காலியாகத் தொடங்கியது. வண்டில், லொறி, ரயில் எதில் இடம் கிடைத்ததோ அதில் சனம் போனது. ராத்தா குடும்பம் பேருவளைக்குப் போனது. யன்னல் ஒன்றைச் சரியாகப் பூட்டாமலே போனார்கள். அப்போது நான் பிள்ளைத்தாய்ச்சி. அவர் என்னை யாழ்ப்பாண ரயிலில் ஏற்றிவிட்டார். கந்தோர்க்காரர் போக முடியாது. மேடையில் நின்று, "நான் தண்ணி ஊத்துவன். நீர் யோசிக்கவேண்டாம்," என்றார். நான் அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் மகள் பிறந்தாள். அடுத்த தைப்பொங்கலுக்குப் பிறகு, கொழும்பில் பயம் தணிந்து சனம் திரும்பத் தொடங்கியபோது, குழந்தையோடு வந்தேன். வீடு சுத்தமாக இருந்தது. அவர் மெலிந்திருந்தார். பின்வளவில் இரண்டு பெட்டியும் வெறுமையாக நின்றன. டின்கள் எல்லாம் நிறைந்திருந்தன.

"ஆனி மழைக்கு ரெண்டும் எழும்பிப் போட்டுது," என்றார். "நான் பாத்துக்கொண்டு நிக்கத்தான் போனது." அதைச் சொல்லும்போது அவரிடம் கவலை தெரியவில்லை. அது எனக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்கு மத்தியானம் விளங்கியது. குழந்தையைப் படுக்கவைக்க அறைக்குள் போனேன். கட்டிலை இடம் மாற்றி, மூடிய நடுக்கதவோடு ஒட்டிப் போட்டிருந்தார். அந்தப் பலகை இரைந்தது. கையை வைத்தேன். இளஞ்சூடு. காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டதுபோல இருந்தது. ஒரு கூட்டம் ராத்தா வீட்டு யன்னலால் உள்ளே போய், அந்தப் பக்கப் பலகையின் வெடிப்பால் நுழைந்து, இரண்டு பலகைக்கும் நடுவில் குடியேறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கட்டிலில் இருந்து, தலையைப் பலகையில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நித்திரை அல்ல. குழந்தையை அவர் மடியில் வைத்தால் வாங்கிக்கொள்வார். தலையை மட்டும் எடுக்கமாட்டார். நான் அறையின் மற்றப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். மூத்தவள் பின்வளவில் இருந்தவரைக்கும் நான் சமாளித்தேன். இப்போது அறைக்குள் வந்துவிட்டாள். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கட்டிலை இஞ்சால இழுப்பமோ?"

"அதுகள் ஒண்டும் செய்யாது," என்றார்.

"அதுகளைச் சொல்லேல்லை."

அவர் என்னைப் பார்த்தார்.  கட்டில் அசையவில்லை.

வெயில் ஏறும் காலத்தில் ராத்தா திரும்பி வந்தா. தன் வீட்டுச் சுவரில் தேனீ போவதைக் கண்டதும் ஆள் பிடித்து, பலகையை உடைத்து, புகை போடச் சொன்னா. பிள்ளைகள் இருக்கிற வீடு, அவவைக் குறைசொல்ல முடியாது. உடைக்கிற சத்தம் கேட்டதும் அவர் எழும்பிப் போனார். முகத்துக்கு ஒன்றும் இல்லை, சட்டை மட்டும்தான். நான் குழந்தையோடு இந்தப் பக்கம் நின்றேன். பலகைக்கு அங்கால் இரைச்சல் உயர்ந்தது, ஆட்கள் ஓடினார்கள், பிறகு அவர் குரல் மட்டும் தாழ்வாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. கடகம் கேட்டார் என்று ராத்தா பிறகு சொன்னா. பிடித்தும் பார்த்தாராம். நிற்கவில்லை. கூட்டம் யன்னலால் எழும்பி, ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைத் தாழைப் பக்கம் போய்விட்டது.

அவர் வரும்போது முகம் வீங்கி, கண் இரண்டும் மூடிக்கிடந்தது. கதிரையில் இருத்தி, முள்ளுகளை ஒவ்வொன்றாக நகத்தால் தட்டி எடுத்து, சுண்ணாம்பு பூசினேன். மூடிய இமைக்குள்ளால் தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது.

"கொட்டினது எரியுது," என்றார்.

"ஓம்," என்றேன்.

வீக்கம் வற்றக் கனநாள் சென்றது. அதற்குப் பிறகு அவர் பின்வளவுக்குத் தண்ணீர் கொண்டு போகவில்லை. கட்டிலை நான்தான் இழுத்து யன்னலடியில் போட்டேன். தடுக்கவில்லை.

எங்கள் பக்கத்துப் பலகை மட்டும் உடைக்காமல் மிஞ்சியது. உள்ளே ஊறிப்போன தேன் ஈரக் காற்று வந்தால் வெளியே கசியும். வெள்ளை அடித்தேன், கடுதாசி ஒட்டினேன். மழைக் காலத்தில் கறுப்பாக ஒரு தடம் இறங்கிவிடும். மகள் தவழத் தொடங்கிய நாட்களில் நேராக அந்த இடத்துக்குப் போய், பலகையைப் பிடித்து எழும்பி நின்று, நாக்கால் நக்கிப் பார்த்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கப் போனேன்.

"விடும்," என்றார் அவர். "நல்ல தேன் அது."

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாயைக் கழுவிவிட்டேன். அவள் திரும்பவும் அங்கேயே போனாள்.